விட்டுப்போக நினைப்பவனுக்குப் புத்தகம் எதற்கு?

"உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்ற புத்தகத்தைத்தான் நீ தேடித் தேடிப் படிக்கிறே, தம்பி."

இதைச் சொன்ன அண்ணன் சபையில் எனக்கு மூத்தவர். ஞாயிறு பள்ளியில் எனக்குச் சங்கீதங்களை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுத்தவர். அப்பா இறந்தபோது மண்டாயில் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். அவர் கோபத்தில் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நானும் என் துணைவரும், அதாவது ஆண்கள் இருவர், சேர்ந்து வீடு வாங்கப்போகும் செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. வேதத்தை வைத்து இதை எப்படி நியாயப்படுத்துகிறாய் என்று கேட்டார். சில புத்தகங்களின் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் இந்தப் பதில் வந்தது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் நினைவுபடுத்தினார்: செவித்தினவுள்ளவர்கள் தங்கள் சுய இச்சைகளுக்கேற்ற போதகர்களைத் திரளாகச் சேர்த்துக்கொள்ளும் காலம் வரும் என்று. பிறகு என் தட்டில் அவரே இன்னொரு கரண்டி பிரியாணி வைத்துவிட்டு நகர்ந்தார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதில் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும் என்பதுதான் காரணம். மனிதன் தனக்கு வேண்டியதைத் தேடித்தான் படிக்கிறான். அப்படியானால் எனக்கு என்ன வேண்டியிருந்தது? இதைப் பல இரவுகள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் அண்ணன் நினைத்ததிலிருந்து வேறாக இருந்தது. அதை எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு.

வேண்டாத புத்தகங்கள்

2007-ல் நான் சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவையில் இருந்தேன். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கும் 377ஏ என்ற சட்டப்பிரிவை வைத்திருப்பதா எடுப்பதா என்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து, இருக்கட்டும் என்று முடிவானது. முகாம் கேண்டீனில் யாரோ விட்டுப்போன நாளிதழில் அந்தச் செய்தியைப் படித்தபோதுதான், இது என்னைப் பற்றியது என்று முதன்முதலாக எனக்குள்ளேயே ஒத்துக்கொண்டேன். அன்று இரவே வேதாகமத்தை எடுத்தேன். ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, 20, ரோமர் 1, முதலாம் கொரிந்தியர் 6, முதலாம் தீமோத்தேயு 1. வேறு எந்தப் பகுதியையும்விட இவை எனக்கு மனப்பாடமாகிவிட்டன.

அப்புறம் வேதாகம அறிஞர் ராபர்ட் கேக்னன் 2001-ல் வெளியிட்ட புத்தகம். ஐந்நூறு பக்கத்துக்கு, ஒவ்வொரு வசனமாக எடுத்து, கூடாது, கூடாது, கூடாது என்று நிறுவுகிற புத்தகம். அதை இரண்டு முறை படித்தேன். எனக்கு வேண்டியதைச் சொல்கிற புத்தகம்தான் தேவையென்றால் அதை ஏன் தொட்டிருக்கப்போகிறேன்? தன்பாலீர்ப்பை ஜெபத்தாலும் ஆலோசனையாலும் மாற்றிவிடலாம் என்ற ஊழியங்களின் சாட்சிப் புத்தகங்களையும் விடவில்லை. அவற்றில் சொன்னபடி உபவாசம் இருந்தேன், நாட்குறிப்பு எழுதினேன், என்னை முழுக்கத் திறந்து ஜெபித்தேன். 2013 ஜூனில் அந்த ஊழியங்களுக்கெல்லாம் குடையாக இருந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் மூடப்பட்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் படித்தேன். ஈசூனில் இறங்க வேண்டியவன் செம்பவாங் தாண்டிப் போய்விட்டேன். இவ்வளவு நாள் நான் சரியாக ஜெபிக்கவில்லை என்று நினைத்து என்னையே தண்டித்துக்கொண்டிருந்ததை அந்த மனிதர் ஒரு வார்த்தையில் இறக்கிவைத்தார்.

அதன்பிறகும் எனக்கு வசதியான புத்தகத்துக்கு ஓடவில்லை. வெஸ்லி ஹில் எழுதியதைப் பிடித்துக்கொண்டேன். அவர் புதிய ஏற்பாட்டு அறிஞர். தான் யார் என்பதை மறைக்காதவர், ஆனாலும் வேதம் தனக்கு விட்டுவைத்திருப்பது தனிமை வாழ்க்கைதான் என்று நம்புகிறவர். 2010-ல் வந்த அந்தப் புத்தகத்தில் தனிமையைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. என் இருபதுகளின் பெரும்பகுதியை அந்தப் புத்தகத்தின்படி வாழ முயன்றேன். இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திருமணமில்லாத பரிசுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க, மனிதரைத் தனியே விடாத ஒரு சபை வேண்டும். ஹில் அதையும் சேர்த்துத்தான் கேட்கிறார். நம் தமிழ்ச் சபைகளில் அது எங்கே இருக்கிறது? தனியாக இரு என்று பிரசங்கத்தில் சொல்கிறோம். தனியாக இருப்பவனிடம், "எப்ப தம்பி கல்யாணச் சாப்பாடு?" என்று சாப்பாட்டு வரிசையில் கேட்கிறோம். குடும்ப முகாம், தம்பதியர் கூடுகை, அன்னையர் தினம், தந்தையர் தினம் என்று ஆண்டு முழுக்கக் கணவன் மனைவி குழந்தைகளைச் சுற்றியே சபை சுழல்கிறது. முப்பத்தைந்து வயதுவரை தனியாள் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகூட வாங்க முடியாத ஊர் இது. சபையாவது ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கலாம். சுமையை மட்டும் கொடுத்துவிட்டுத் தோளைக் கொடுக்காமல் இருப்பது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

இருக்க விரும்பியவன்

என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேர் என்னைப் போன்றவர்கள். அவர்கள் யாரும் கேக்னனையும் படிக்கவில்லை, அவருக்குப் பதில் சொன்னவர்களையும் படிக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அடுத்த ஈஸ்டருக்கும் வரவில்லை. அவ்வளவுதான். ஒருவன் மெல்பர்னில் இருக்கிறான், இன்னொருவன் இங்கேயே பொங்கோலில் இருக்கிறான். நல்ல மனிதர்கள், நிம்மதியாக இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அவர்களைப் பார்த்தபிறகுதான் அண்ணனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. சபையை விட்டுப்போவது சுலபம். அதற்குப் புத்தகமே வேண்டாம். அரைமணி நேரம் அதிகமாகத் தூங்கினால் போதும். நான் மூல மொழி அகராதியும் விளக்கவுரையுமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தது இருப்பதற்காக. பாமாலைகளும் கீர்த்தனைகளும் திருவிருந்தும், அம்மா பாடகர் குழுவில் நின்று பாடிய அந்த இடமும் எனக்கு வேண்டும். எனக்கு வேண்டியதைத் தேடிப் படித்தேன் என்பது உண்மை. எனக்கு வேண்டியிருந்தது சபை.

இதில் எனக்கு ஆறுதலாக இருந்த ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். பிஷப் யாப் கிம் ஹாவ். மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையின் முதல் ஆசியப் பேராயராக 1968-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நம் பெற்றோரின் தலைமுறைக்கு அந்தப் பெயரே ஒரு மரியாதை. ஓய்வுபெற்ற பிறகு, எங்களைப் போன்றவர்களை ஏற்றுக்கொள்ளும் ஃப்ரீ கம்யூனிட்டி சர்ச்சுக்கு ஆலோசகராக வந்து நின்றார். 2017-ல் மறைந்தார். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருக்கும் வயதில், பழைய நண்பர்களின் வருத்தத்தைச் சம்பாதித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தவர். விட்டுப்போகாமல் இருப்பதற்கு அவரைப் போன்ற ஒருவரின் முகம் போதும்.

2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் 377ஏ-ஐ நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2023 ஜனவரி 3 முதல் சட்டம் இல்லை. திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசமைப்புச் சட்டத்தில் அதே கையோடு ஒரு திருத்தமும் சேர்ந்தது. எங்கள் சபையில் அந்த வாரம் தேசத்துக்காகச் சிறப்பு ஜெபம் நடந்தது. நானும் தலைகுனிந்து இருந்தேன். எனக்கு எதிராக ஜெபிக்கப்படுகிற இடத்தில் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தவித்த அந்த நிமிடத்தை எந்தப் புத்தகமும் எனக்குத் தீர்த்துவைக்கவில்லை.

அத்தையின் வசனம்

அத்தை அப்பாவின் அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்து, தாதியாகி, இரவுப் பணி பார்த்து, தம்பிகள் மூவரையும் படிக்கவைத்தவர். நாங்கள் இருவரும் முப்பத்தைந்தைத் தாண்டியதும் திருமணமாகாதவர்கள் சேர்ந்து வாங்கும் ஜாயின்ட் சிங்கிள்ஸ் திட்டத்தில் ஒரு மறுவிற்பனை வீடு பார்த்துவிட்டோம் என்று நான் சொன்னபோது அத்தை "சரி" என்றார். அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அப்புறம் அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. வேலை முடிந்து தினமும் போய்ச் சொட்டு மருந்து போடுவது என் பொறுப்பு. ஓய்வுபெற்று இத்தனை வருடம் ஆகியும் அவர் தாதிதான். "கையைக் கழுவினியா? விரலுக்கு நடுவுல கழுவினியா?" என்பார். கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரே ஒரு சொட்டு. குப்பியின் முனை இமையில் பட்டுவிடக் கூடாது. ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்க அவருக்கு மனமில்லை. தினமும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம், புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம் என்று வரிசையாகப் படிப்பது அவர் வழக்கம். இப்போது கண் முடியாததால், "நீ வாசி" என்றார். ஏசாயாவில் விட்ட இடத்திலிருந்து வாசித்துக்கொண்டு போனோம்.

ஐம்பத்தாறாம் அதிகாரம் வந்தபோது என் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். அது எனக்கு வேண்டிய அதிகாரம். "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக" என்று வாசித்தேன். அண்ணகன் என்றால் விதையடிக்கப்பட்டவன். "நில்லு" என்றார் அத்தை. கண் மூடியேதான் இருந்தது. "இன்னொரு தடவை வாசி." வாசித்தேன். குமாரரையும் குமாரத்திகளையும்விட மேலான இடத்தையும் நித்திய நாமத்தையும் கர்த்தர் அவர்களுக்குக் கொடுப்பார் என்று வருகிற ஐந்தாம் வசனத்தையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"இது என் வசனம்" என்றார். "உங்க சித்தப்பாவோட பெரியவ வயித்துல இருந்தப்ப உங்க சித்திக்கு வளைகாப்பு. வளையல் போட நானும் கையை நீட்டினேன். பட்டமரம் கையால வேணாம்னு சொந்தக்காரி ஒருத்தி எல்லார் முன்னாடியும் சொன்னா. நம்ம சபைக்காரிதான். வளையலைத் தட்டுலயே வச்சுட்டு நேரா ராத்திரி வேலைக்குப் போனேன். வார்டு அடங்கினப்புறம் வேதத்தை எடுத்தா இந்த இடம். அன்னிலேர்ந்து இது எனக்குன்னு வச்சிருக்கேன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அத்தை, எனக்கும் இதுதான்" என்றேன். கண்ணைத் திறந்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. "உனக்கு எப்படி?" என்று கேட்டார். தாதியின் கேள்வி அது, எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரல். சொன்னேன். உபாகமம் 23-ல், அண்ணகன் கர்த்தருடைய சபைக்குள் வரக் கூடாது என்று சட்டம். ஏசாயா 56-ல் அதே கர்த்தர், வா, உனக்குப் பிள்ளைகளையும்விட மேலான இடம் தருகிறேன் என்கிறார். அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய அண்ணகன் ஒருவன் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைத்தான் படித்துக்கொண்டு போகிறான், ஐம்பத்துமூன்றாம் அதிகாரத்தை. இன்னும் மூன்று அதிகாரம் போனால் அவனுடைய சொந்தப் பங்கு வந்துவிடும். வழியில் தண்ணீரைப் பார்த்ததும், "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறான். உபாகமத்தைக் காட்டித் தடுத்திருக்கலாம். பிலிப்பு தண்ணீரில் இறங்கினார். அண்ணகனும் என்னைப் போன்றவனும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், வெளியே நிறுத்தப்பட்டவனை உள்ளே கொண்டுவருவதற்காக வேதம் தன் சொந்தக் கட்டளையைத் தாண்டி நடந்திருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன்.

"நீ சொல்றது முழுக்கச் சரின்னு நான் ஒத்துக்கல" என்றார் அத்தை. "ஆனா என் வசனத்தை உனக்குத் தர மாட்டேன்னு நான் எப்படிச் சொல்வேன்?" பிறகு, "அடுத்த மருந்தைப் போடு" என்றார்.

அந்த வசனத்தை நான் எத்தனையோ விளக்கவுரைகளில் படித்திருக்கிறேன். அது என் வீட்டிலேயே, நான் பிறப்பதற்கு முன்பே, இன்னொருவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. என்னையும் அத்தையையும் ஒரே சபைதான் தள்ளிவைத்தது. அவரை வளையல் தட்டுக்கு அந்தப் பக்கம், என்னை ஜெப விண்ணப்பத்துக்குள்ளே. திருமணமில்லாமல் வாழ்ந்து காட்டு என்று என்னிடம் சொல்கிற சபை, அப்படி வாழ்ந்து காட்டிய பெண்ணை என்ன செய்தது என்பதை அந்தச் சில நிமிடங்களில் பார்த்துவிட்டேன். ஹில்லின் புத்தகத்தில் எனக்குப் புரியாமல் உறுத்திக்கொண்டிருந்த இடம் அங்கே புரிந்தது. தனிமை வாழ்க்கையை உண்மையாகவே உயர்வாக நினைக்கிற சபை என்றால், முதல் வரிசை நாற்காலி அத்தைக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

பென்சில் குறிகள்

கண் தெளிந்ததும் அத்தை கேட்டது: "வேற என்ன படிக்கிறே, குடு." ரிச்சர்ட் ஹேஸ் புத்தகத்தைக் கொடுத்தேன். ஹேஸின் கதை தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. புதிய ஏற்பாட்டு அறிஞர்களில் பெரிய பெயர். 1996-ல் அவர் எழுதிய நூலில் ஓரினச் சேர்க்கை பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. எய்ட்ஸால் இறந்த தன் நெருங்கிய நண்பரைப் பற்றிச் சொல்லித் தொடங்கி, அன்போடு, ஆனால் உறுதியாக, வேதம் இதை அனுமதிக்கவில்லை என்று முடிப்பார். அதன்பிறகு எத்தனையோ சபைகள் அந்த அத்தியாயத்தை ஆதாரமாகக் காட்டின. 2024-ல், பழைய ஏற்பாட்டு அறிஞரான மகன் கிறிஸ்டஃபரோடு சேர்ந்து இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் தன் முடிவை மாற்றிக்கொண்டார். கடவுளின் இரக்கம் வேதம் முழுக்க விரிந்துகொண்டே போகிறது, அந்த விரிவு எங்களையும் சேர்த்துக்கொள்கிறது என்பது வாதம். 2025 ஜனவரியில் காலமானார்.

அத்தை நிதானமாகப் படித்தார், பென்சிலோடு. ஓரங்களில் கேள்விக்குறிகள். ஒரு பக்கத்தில், "ரோமர் 1-க்கு இவர் பதிலே சொல்லவில்லை" என்று தமிழில் எழுதியிருந்தார். நியாயமான குறை. அந்தப் புத்தகம் வழக்கமான வசனங்களுக்குள் மறுபடி இறங்குவதில்லை, பெரிய கதையைத்தான் சொல்கிறது. எனக்கும் அது போதவில்லை. ரோமர் 1-ஐத் தாண்டிக் குதித்துப் போகிற எந்த வாதமும் எங்கள் சபையில் ஐந்து நிமிடம் நிற்காது, நிற்கவும் கூடாது. அதில் பவுல் பேசுவது படைத்தவரை மறந்து சிலைகளுக்குப் பின்னால் போன ஜனத்தின் இச்சை வெறியைப் பற்றி என்று நான் நம்புகிறேன். கடவுளுக்கு முன்பாக ஒருவரோடு ஒருவர் உண்மையாக வாழ ஜெபிக்கிற இரண்டு பேர் அந்தப் பத்தியில் எனக்குத் தென்படவில்லை. அத்தைக்கு இது இன்னும் திருப்தியில்லை. வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு இதைத்தான் பேசுகிறோம். என் துணைவர் தோ பாயோ கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. தமிழ் தெரியாது. நடுநடுவே என்ன நடக்கிறது என்று கேட்பார், அத்தை ஆங்கிலத்தில் விளக்குவார், விளக்கும்போது என் பக்கத்து வாதத்தையும் நியாயமாகவே சொல்வார்.

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் வருகிறார்கள். மகன் இல்லாத எங்கள் தகப்பனின் பங்கு ஏன் போக வேண்டும், எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்லி, அதன்படி பிரமாணத்தையே ஏற்படுத்துகிறார். இதைப் பேசிக்கொண்டிருந்த இரவுதான் அத்தை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பொண்ணுங்க மோசேக்கு முன்னாடி, ஆசாரியனுக்கு முன்னாடி, சபை எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னு கேட்டாங்க. நீ இத்தனை வருஷமா ரயில்ல போன்ல படிச்சுக்கிட்டிருக்கே. யாருகிட்ட போய்க் கேட்ட?"

போன வாரம் பாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சபையின் போதனையை மாற்றச் சொல்லவில்லை, அது அவர் கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். புது வீட்டுக்குக் குடிவந்து மாதங்களாகியும் இன்னும் பிரதிஷ்டை ஜெபம் நடக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் சபைப் போதகர் வந்து ஜெபிக்காத வீடு என்று ஒன்று இருந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபிப்பீர்களா, நாங்கள் இருவரும் திருவிருந்துக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மாலை வந்து பார்க்கும்படி பதில் வந்திருக்கிறது. அத்தையும் கூட வருகிறார். பாஸ்டர் ரோமர் 1-ஐ எடுத்தால் என்ன சொல்வாய் என்று நேற்றே கேட்டுவிட்டார். நான் சொன்ன பதில் போதாது, இன்னும் நன்றாகப் படித்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்.